பதினொரு பாட்டில் தீர்த்தம்

வாருங்கள் ஐயா, வாருங்கள். நீங்கள் தேடி வந்த பத்திரக்கார ஐயா அடியேன்தான். முப்பத்தெட்டு ஆண்டுகள் பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து ஊரார் நிலங்களுக்கெல்லாம் எல்லை எழுதினேன். வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டித்தடம், கிழக்கே இன்னார் தோட்டம் என்று எழுதி எழுதி, எதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்பது உடம்பில் ஊறிப்போயிற்று. மற்றபடி காலையில் ஒரு பதிகம், மாலையில் ஒரு பதிகம், ஞாயிறுதோறும் அடியார்களோடு திருவாசக முற்றோதல். இவ்வளவுதான் என் வாழ்க்கை.

உங்கள் ஊரிலிருந்தும் வரும் பங்குனியில் சைக்கிளில் தீர்த்தம் எடுத்துப் போகப் போகிறீர்கள், நியமங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வந்திருக்கிறீர்கள். நல்ல காரியம். வழியில் யாரிடம் விசாரித்தீர்கள்? குப்பண்ணன் டீக்கடையிலா? அவன் ஏதாவது சொன்னானா? சொல்லியிருப்பான். அதை ஒருபுறம் வைத்துவிட்டு அடியேன் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் வழக்கம் இது. விடியலில் காவிரியில் முழுகி, பாட்டில்களில் தீர்த்தம் நிரப்பி, ஒவ்வொன்றின் வாயிலும் மஞ்சள் துணி சுற்றி நூலால் கட்டுவோம். முன்பு செம்புச் சொம்பை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டோம். தளும்பித் தளும்பி, மலை சேரும்போது பாதிதான் மிஞ்சும். பிறகுதான் பாட்டில். சைக்கிளின் பாரிலும், அதற்குக் கீழே சாய்ந்து இறங்கும் குழாயிலும் பாட்டில்களைப் படுக்கவைத்து இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு சொட்டுச் சிந்தாது. அங்கிருந்து அறுபத்து நான்கு கிலோமீட்டர் மிதித்துக் கொன்றைமலை வேலவருக்கு அந்திப் பூசையான சாயரட்சையில் அபிஷேகம். ஆளுக்கு இரண்டு பாட்டில். அதிகம் சுமக்க வல்லவர்கள் வர இயலாதவர்களின் பாட்டில்களையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

நியமங்கள் மூன்று. தீர்த்தம் தரையில் படக்கூடாது; ஆகையால் சைக்கிளைச் சாய்க்கக்கூடாது, படுக்கவைக்கக்கூடாது. கட்டிய கட்டைச் சந்நிதியை அடையுமுன் அவிழ்க்கக்கூடாது. மூன்றாவது, தீர்த்தம் கட்டிய சட்டத்தில் குடிக்கிற தண்ணீரைக் கட்டக்கூடாது. வாய் வைத்துக் குடித்த எச்சில் பாட்டிலும் இறைவனுக்குரிய பாட்டிலும் ஒரே கம்பியில் உரசிக்கொண்டு போவதா? தாகத்துக்குத் துணைக்கு வரும் வண்டியில் குடம் இருக்கிறது; சாலையில் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது.

யார் வைத்த நியமம் என்கிறீர்களா? பெரியோர் வைத்ததுதான். முதல் இரண்டும் பெரியோர் வைத்தவை. மூன்றாவது அடியேனுக்கு ஒரு மாசிமாதப் பிற்பகலில் தோன்றியது. தோன்றச் செய்தவன் யார்? அவன்தானே. அப்படியானால் அதுவும் பெரியோர் வைத்ததுதான்.

இந்த ஆண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? இருபத்து மூன்று சைக்கிள். ஒவ்வொன்றின் சட்டத்திலும் தீர்த்தத்துக்கு மேலே, மேலே என்கிறேன் ஐயா, கம்பிக்கூடு ஒன்று மாட்டி அதில் இரண்டிரண்டு குடிநீர்ப் பாட்டில்! வாய் வைத்து உறிஞ்சுகிற பாட்டில்! இந்த வாசலில் நின்று என் கண்ணால் பார்த்தேன். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பதினாறு ஆண்டுகள் நடத்தியவனை விட்டுவிட்டுப் போனார்கள். முன்னால் போகிறவன் யார்? குப்பண்ணன். நெற்றியில் நீறு பூச மறந்துவிட்டு, ஞாபகம் வந்ததும் டீக்கடை அடுப்புச் சாம்பலை எடுத்துப் பூசிக்கொள்கிறவன்.

எல்லாம் சென்னியப்பன் விஷயத்தால் வந்தது. அவனைப் பற்றிச் சொல்கிறேன். தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கும் பயன்படும்.

சென்னியப்பன் விசைத்தறியில் வேலை செய்தவன். நாற்பத்தாறு வயது. மனைவி பூவாத்தாள், ஒரு பெண் குழந்தை. இல்லை என்று சொல்லத் தெரியாதவன். அதுதான் அவனுடைய குணம், அதுவே குற்றமும். போன ஆண்டு தெருவில் ஒருத்தி பிரசவத்துக்கு இருந்தாள், அவள் ஒரு பாட்டில் கொடுத்தாள். கால் நடவாத தறிமுதலாளி ஒன்று. எதிர்வீட்டில் இரண்டு. இப்படிப் பதினொன்று சேர்ந்துவிட்டது. பாரின் மேல் மூன்று, பாருக்குக் கீழே நான்கு, ஹேண்டிலில் இரண்டு, பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு. பழைய டியூபை வாராகக் கீறி, அதன்மேல் தறியில் மிஞ்சிய பாவு நூலைச் சுற்றிக் கட்டியிருந்தான். அந்தக் கட்டு அசையாது ஐயா. பக்தியோடு கட்டிய கட்டு.

ஆற்றங்கரையில் குப்பண்ணன் சிரித்தான். “டேய் மாப்ள, சைக்கிள எங்கடா காணோம்? வெறும் பாட்டலு மட்டும்தான் நிக்குது!”

“சிரிக்காத மாமா. குடுக்கறவங்ககிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?” என்றான் சென்னியப்பன்.

பிறகு என்னிடம் வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பேசுவான். “ஐயா, தொண்ட நனைக்க ஒரே ஒரு பாட்டலு கேரியர்ல வெச்சுக்கறனுங்க. போன வருசமே ரொம்பச் சிரமமாப் போச்சுங்க.”

“சென்னியப்பா, இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கலாமா?”

“இருக்கக்கூடாதுங்களா?”

“கூடாது.”

“செரிங்க ஐயா.”

அவ்வளவுதான். கேரியரில் செருகியிருந்த தன் பாட்டிலை எடுத்தான், ஆற்றங்கரை அரசமரத்து வேரில் ஊற்றினான். நான் கட்டாயப்படுத்தவில்லை. கூடாது என்றேன், ஊற்றினான். அடியார் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

குப்பண்ணன் அப்படி அல்ல. இருபதாவது கிலோமீட்டரில் அவனுடைய துணி மூட்டைக்குள் ஏதோ குலுங்கும் ஓசை கேட்டது. “என்ன அது?” என்றேன்.

“கசாயமுங்க ஐயா. வாயுத் தொல்ல.”

“கசாயம் இவ்வளவு தெளிவாக இருக்குமா?”

“நல்லா வடிகட்டுனதுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. அந்தக் கசாயத்தை அவனும் சென்னியப்பனும் மாறிமாறிக் குடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நாற்பதாவது கிலோமீட்டருக்குள் அது தீர்ந்துபோயிற்று.

அந்த நாற்பதாவது கிலோமீட்டரில் ஒரு மாரியம்மன் கோயில் மண்டபம். வழக்கமாக அங்கே வண்டி நிற்கும். மோர், தண்ணீர், கட்டுச்சோறு. வெயில் தாழ்ந்து மூன்று மணிக்கு மேல் புறப்படுவோம். போன ஆண்டு நான் அதை மாற்றினேன். காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு வேறோர் ஊர்க் கூட்டம் எங்களுக்கு முன்பே மலையில் வரிசை பிடித்துவிட்டது. பதினான்கு ஆண்டுகளாக முதலில் விழுந்த நம் தீர்த்தம் இரண்டாவதாக விழுந்தது. அன்று இரவெல்லாம் எனக்கு உறக்கமில்லை. ஆகையால் நான் மண்டபத்தை அடைந்ததும், இடம் பிடிக்க வண்டியை முன்னால் மலைக்கு அனுப்பிவிட்டேன். அனுப்புமுன் ஒரு சொம்பு மோர் குடித்தேன், வயதானவன். முன்னால் வந்தவர்களும் குடித்துவிட்டு உச்சி வெயிலிலேயே போய்விட்டார்கள்.

சென்னியப்பன் பதினொரு பாட்டில் பாரத்தோடு அரைமணி நேரம் பிந்தி வந்தான். குப்பண்ணன் அவனுக்குத் துணையாக மெல்ல மிதித்து வந்தான். வண்டி போய்விட்டது என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டபத்துக் குழாயைத் திறந்தார்கள், காற்றுத்தான் வந்தது. நான் சொன்னேன், ஏழு கிலோமீட்டரில் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, வயிறு நிறையக் குடிக்கலாம் என்று. பொய் அல்ல ஐயா. ஆண்டுதோறும் இருந்த பந்தல். அந்தப் பந்தல் போடுகிற தோட்டக்காரர் தை மாதத்தில் காலமாகிவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு மூங்கில் மட்டும் நின்றது.

பின்தங்கி வந்தவர்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர். இருபுறமும் கிளுவை வேலி, மேய்ச்சல் காடு, வீடு ஒன்றும் இல்லை. குப்பண்ணன் கைபேசியை எடுத்து வண்டியோட்டியை அழைத்துவிட்டான். “தண்ணியக் கொண்டாப்பா, இங்க ஒருத்தன் நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான்” என்றான். நான் கைபேசியை வாங்கி, வண்டி நகர வேண்டாம் என்றேன். வண்டி நகர்ந்தால் வரிசையில் இடம் போய்விடும். அரைமணியில் வந்திருக்கும் என்கிறார்கள் இப்போது. வந்திருக்கும். இடம்?

அப்போதுதான் குப்பண்ணன் அந்தச் சொல்லைச் சொன்னான். “ஐயா, பதினோரு பாட்டல் தண்ணிய முழங்காலு இடிக்க இடிக்கக் கட்டிட்டு வர்றான். ஒண்ண அவுத்து அவன் வாயில ஊத்துங்க.”

“அது தண்ணீர் அல்ல” என்றேன்.

“பின்ன என்னுங்க?”

“தீர்த்தம்.”

சென்னியப்பனே சொன்னான், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவன் வாயாலேயே சொன்னான்: “வேண்டா மாமா. ஐயா சொல்றதுதான் செரி. அது சாமிக்கு.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். நான் சொன்னது சரி என்று மகிழ்ச்சியோடு பார்க்கிறான் என எண்ணி, “ஒவ்வொரு மிதிக்கும் ஒரு நாமம் சொல்லிக்கொண்டு வா, தாகம் தெரியாது” என்றேன். ஒரு பதிகத்தை எடுத்துக் குரல்விட்டுப் பாடிக்கொண்டே முன்னால் போனேன்.

மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். பின்னால் மணியோசை விடாமல் ஒலித்தது. திரும்பிப் பார்த்தால் சென்னியப்பன் சைக்கிளை நடுச்சாலையில் நிறுத்தி, பெல்லை அழுத்திக்கொண்டே நிற்கிறான். அருகில் போனேன். ஐயா, அந்தத் தோற்றத்தை எப்படிச் சொல்வேன்! காலையிலிருந்து அருவியாய்க் கொட்டிய வியர்வை முற்றும் நின்றுவிட்டது. ஒரு துளி இல்லை. முகம் செக்கச் சிவந்திருக்கிறது. கண் எங்கோ நிலைத்திருக்கிறது. தோளைத் தொட்டேன், அனல். உடம்பு கிடுகிடுவென நடுங்குகிறது. குப்பண்ணனைப் பார்த்து “அம்மா” என்கிறான்.

அருள் வந்துவிட்டது! பதினாறு ஆண்டுகளில் எங்கள் கூட்டத்தில் எவருக்கும் வராத அருள். தொண்டுக்கு இரங்கி ஆண்டவன் அந்தத் தறிக்காரன் மேல் இறங்கிவிட்டான் என்று கண்டுகொண்டேன். என் கண்ணில் நீர் மல்கிற்று. மடியிலிருந்த திருநீற்றை அவன் நெற்றி நிறையப் பூசினேன். உடன் வந்த இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்கள். ஒருவர், “எம் பையனுக்கு இந்த வருசமாச்சும் கலியாணம் கூடுமா சாமி?” என்று கேட்டார். 

குப்பண்ணன் மட்டும், “ஐயா, இது சாமியில்லீங்க, வெயிலு. அவன நெழல்ல போடுங்க” என்று கத்தினான்.

“உனக்கு எதுதான் சாமி?” என்று அவனை அடக்கினேன். பிறகு தாழ்ந்து வணங்கி, “வந்திருப்பது யார்? என்ன வேண்டும்?” என்று கேட்டேன்.

அவன் என்னை நேராகப் பார்த்து, “தண்ணி குடுடா” என்றான்.

“குடுடா!” பதினாறு ஆண்டுகளாக என் முன்னால் உட்காராதவன். “ங்க” போடாமல் ஒரு பேச்சுப் பேசாதவன். மனிதன் சொல்வானா? என் உச்சி சிலிர்த்துவிட்டது ஐயா. ஆண்டவனே தன் அபிஷேகத் தீர்த்தத்துக்கு அவசரப்படுகிறான்! தார் கொதிக்கிற சாலையில் முழங்கால் மடித்து விழுந்து, “இதோ வருகிறோம் அப்பனே, உன் சந்நிதிக்கே கொண்டு வருகிறோம், இன்னும் பதினான்கே கிலோமீட்டர்” என்றேன். மறுபடியும் சொன்னான், “தண்ணி.” மறுபடியும் சொன்னேன், “இதோ வருகிறோம்.” மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் சொன்னேன். பிறகு அவனை மெல்லப் பிடித்து நாங்களே சைக்கிளில் ஏற்றிவிட்டோம்.

இருநூறு அடி போயிருப்பான். ஹேண்டில் இப்படியும் அப்படியும் அலைந்தது. நான் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தேன். என் சைக்கிளை உடன் வந்தவரிடம் தள்ளிவிட்டுத் தாவி, பாரை இரு கையாலும் பிடித்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? பதினொரு பாட்டிலில் ஒன்றுகூடத் தரையில் படவில்லை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

அவனா? அவன் விழுந்துவிட்டான். நான் சைக்கிளைப் பிடித்திருந்தேனே.

குப்பண்ணன் பாய்ந்து வந்து கட்டுகளைப் பல்லால் கடித்து அறுத்து மூன்று பாட்டிலை உருவினான். தலையில் ஊற்றினான், வாயில் ஊற்றினான். வாயில் ஊற்றியது உள்ளே போகவில்லை; கடைவாய் வழியே வழிந்துவிட்டது. அவன் நான்காவதற்கு வருமுன் சைக்கிளை நான் அப்பால் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். மற்ற எட்டும் தெருவார் வேண்டுதல் அல்லவா? யாருக்கு நான் பதில் சொல்வது? அவன் என்னைப் பார்த்து ஏசிய ஏச்சை இந்த வாயால் சொல்ல மாட்டேன். சற்று நேரத்தில் ஒரு வைக்கோல் லாரி வந்தது. அதில் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனார்கள்.

அடியேன் மலைக்குப் போனேன். அதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நான் ஆசுபத்திரிக்குப் போய் என்ன செய்திருக்க முடியும்? வைத்தியம் தெரியுமா எனக்கு? அவனுடைய சைக்கிளிலேயே ஏறி, அவன் சுமந்த தீர்த்தத்தை அவனுக்குப் பதிலாக நான் சுமந்தேன். சாயரட்சைக்கு முதலில் விழுந்தது எங்கள் தீர்த்தம்தான். எட்டுப் பாட்டிலும் திருமேனியில் வழிவதைக் கண்ணாரக் கண்டேன். அதே நாழிகையில் ஆசுபத்திரியில் அவனுயிர் பிரிந்ததாம். எப்பேர்ப்பட்ட பேறு என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இப்படித்தான் கூட்டத்திலும் சொன்னேன்.  அடுத்த வாரம் முற்றோதலுக்கு ஓலைப்பாயை விரித்து உட்கார்ந்திருந்தேன், ஒருவரும் வரவில்லை.

என்ன கேட்கிறீர்கள்? பூவாத்தாளா? அவளை ஒருமுறை போய்ப் பார்த்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் வெளியூர்க்காரர், கேட்டுக்கொள்ளுங்கள்.

காரியங்கள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. திருநீற்றுப் பிரசாதத்தோடு, அவனுடைய சைக்கிளையும் துடைத்து உருட்டிக்கொண்டு போனேன். உச்சி வேளை. அவள் வெளியே வந்து பார்த்தாள். அழவில்லை, ஏசவில்லை. “வாங்க ஐயா. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க” என்று உள்ளே போய் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தாள். பானைத் தண்ணீர், நல்ல குளிர்ச்சி. ஒரே மூச்சில் குடித்தேன். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றேன். கொண்டுவந்தாள். அதையும் குடித்தேன்.

குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு கேட்டாள். “அவரு தண்ணி கேட்டாருங்களா?”

குப்பண்ணன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். இருந்தும் என் வாயால் கேட்க நினைத்தாள் போலும். நான் அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னேன். “அவன் கேட்கவில்லை அம்மா. அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். கேட்டது ஆண்டவன். உன் கணவன் மேல் இறங்கி வந்து, என்னை ‘குடுடா’ என்று அதட்டி, மூன்று முறை கேட்டது ஆண்டவன்.”

 கோபமே இல்லை ஐயா, கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். பாதை தெரியாதவர்கள் வழி கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டாள்.

“சாமியே எறங்கி வந்து கேட்டுதுன்னா, சாமிக்கு ஏனுங்க குடுக்கல?”

நான் வாயெடுத்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறருக்காக வாக்கியம் எழுதியவன். எந்தச் சிக்கலான சொத்துக்கும் எல்லை வகுத்தவன். ஒரு சொல் எழவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், திரும்ப வரவில்லை.

படிப்பறியாத பெண். அவளுக்குத் தெரியாது. பதில் இல்லாமலா போகும்? ஓராண்டாகக் காலையிலும் மாலையிலும் ஏடுகளைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைத்ததும் போய்ச் சொல்ல வேண்டும்.